திருவல்லிக்கேணி முதல் அடையாறு ஆற்றங்கரை வரை: இன்னொருவர் வீட்டைக் காட்டும் பிள்ளைகள்

வெளியூர்ப் பயணங்களையே எழுதிவந்த நான், போன சனிக்கிழமை சொந்த ஊருக்குள்ளேயே பதினான்கு கிலோமீட்டர் சுற்றினேன். காரணம் என் மகளின் பள்ளி. அவரவர் குடும்பப் பாரம்பரியத்தைத் தெரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக்கு ஓர் அறக்கட்டளை சிறு நிதி கொடுத்திருந்தது. பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாய். அதில் ஒரு விதி. தன் வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. வகுப்பில் இன்னொருவர் வீட்டுக்குப் போய்ப் பழகி, அவர்கள் குடும்பம் வாழ்ந்த இடத்தை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். யாருக்கு உதித்த யோசனையோ, அவருக்கு ஒரு பெரிய கும்பிடு.

காலை ஏழரைக்குப் பிள்ளைகள், வகுப்பு மிஸ், துணைக்கு நான் என்று மயிலாப்பூர் குளத்தருகே வேன் கிளம்பியது. முதலில் மூன்று கிலோமீட்டரில் திருவல்லிக்கேணி. பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருக்கும் ரஹீம் வீட்டை மயிலாப்பூர் வைஷ்ணவி காட்டினாள். "இவா ஆத்துல பெருநாள் கார்த்தால பால் சேமியா பண்ணித் தெருவுக்கே குடுத்துண்டு இருப்பா" என்று அவள் சொல்ல, ரஹீமின் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

அடுத்தது அடையாறு ஆற்றங்கரை, கௌசல்யாவின் இடம். வீடுகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பி மூன்று வருடமாகிறது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் பள்ளிக்கு வருகிறாள். வேனில் என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒண்ணியும் இல்ல ஆன்ட்டி. பாத்துட்டு சிரிப்பாங்க. பெசன்ட் நகர் பீச்சுக்கே பூடலாம்னு மிஸ்ஸாண்ட சொல்றீங்களா?"

"அங்க இன்னா கீது மேடம், வேலிதான் கீது" என்று டிரைவரும் சேர்ந்துகொண்டார். வந்த கோபத்தில், ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

அவள் இடத்தைக் காட்ட வேண்டியவன் முத்துக்குமார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகரில் ஜவுளிக்கடை. வாய் ஓயாத பயல். என்ன உளறப் போகிறானோ என்று அவனையே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

வேலியின் திறப்பு வழியாக உள்ளே போனோம். புல், மண், ஆற்று நாற்றம், வேறொன்றும் இல்லை. இரண்டு பையன்கள் சிரித்தே விட்டார்கள். கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

முத்து முன்னால் போய் நின்றான். "இங்க முன்னாடி முழங்கால் அளவு சேறுதான். கௌசி தாத்தாவும் பக்கத்து வீட்டுக்காரங்களும் கூடை கூடையா மண்ணு கொட்டி மேடாக்கினாங்க. நாம நிக்கிற தரையே அவங்க உண்டாக்கினது" என்றான். பிறகு எதிரே கையை நீட்டினான். "அதான் கௌசி வீடு."

கௌசல்யாவால் பொறுக்க முடியவில்லை. "டேய், அது செல்வி அக்கா வூடு. எங்க வூட்லதான் நீ நின்னுகினு கீற."

முத்து கீழே பார்த்தான். வீட்டை விட்டு வெளியே வருவதுபோலப் பத்தடி பின்னால் போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். சிரித்த இருவரும் கழற்றினார்கள். பிறகு நாங்கள் எல்லோரும்.

"உள்ள வாங்க" என்றாள் கௌசல்யா. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வேன் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, மந்தைவெளியில் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். ஆற்றங்கரையைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், நிழல் கிடையாது. அங்கே வாழ்ந்த பிள்ளை ஒன்றைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். செருப்பை எங்கே கழற்றுவது என்று அதற்குத்தான் தெரியும்.