கையை எடுக்காத அத்தான்

என் அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸை அறுத்து ஃபிரேமில் பொருத்துகிறவள். மயிரிழை பிசகினாலும் கழற்றி மறுபடி செய்வாள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் பேய்க்காகக் காத்திருந்தாள். கேலியாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வீட்டில் பாட்டுப் பைத்தியம் அக்காதான். அவள் கணவர், என் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். அவருக்குப் பாட்டும் ஒன்றுதான், பக்கத்து வீட்டு மிக்ஸியும் ஒன்றுதான். ஆனால் ஞாயிறு மதியம் அக்கா இசைத்தட்டை எடுத்ததும் டர்ன்டேபிள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் உலோக விளிம்பில் கையை வைத்துக்கொள்வார். வைக்காவிட்டால் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கை பட்டால் அடங்கிவிடும். கண்ணயர்ந்து கை நழுவினால் மறுபடி எழும்பும்.

"தூங்காதீங்க, கை வைங்க," என்று அக்கா அதட்டுவாள்.

"நாளைக்குச் சரி பண்ணிடறேன்," என்பார். வருடக்கணக்காக இதே பதில்தான். சரி பண்ணாமலே ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அதன் பிறகு அக்கா அந்த நாற்காலியை யாரையும் நகர்த்த விடவில்லை. இசைத்தட்டைச் சுழல விட்டு எதிரே உட்காருவாள். இரைச்சல் ஓடும். சில ஞாயிறுகளில், பாட்டுக்கு நடுவே, யாரும் தொடாமல் அது சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். முதல் தடவை நின்றபோது நான் துள்ளி எழுந்துவிட்டேன். அக்கா சிரித்தாள்.

"வந்துட்டாரு," என்றாள்.

வந்தால் பரவாயில்லை. வராத ஞாயிறுகள்தான் எனக்குப் பயம். இரைச்சல் நிற்காத அன்று அக்கா சாப்பிட மாட்டாள். போட்ட இசைத்தட்டையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள். ஆள் பாதியாகிவிட்டாள். அத்தான் வரட்டும், வராமல் போகட்டும், எனக்கு என் அக்கா வேண்டும். ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி ரிப்பேர்காரரை வரவழைத்தேன்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். அத்தான் கை வைத்த கதையை நான் சொல்லக் கேட்டுவிட்டு, டர்ன்டேபிளைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எர்த் ஒயர் அறுந்து தொங்குதும்மா. அதான் இரையுது. கை வெச்சா நிக்குதுன்னா, அவரு உடம்பே எர்த்தா வேலை செஞ்சிருக்கு. அவரு என்ன வேலை பாத்தாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்," என்றாள் அக்கா.

"அப்படின்னா தெரியாம இருந்திருக்காதே! அஞ்சு நிமிஷ வேலைம்மா இது."

அக்கா டர்ன்டேபிளின் உலோக விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சரி பண்ணிட்டா என் பக்கத்துல உக்கார அவருக்கு என்ன சாக்கு இருக்கு?" என்றாள். பாட்டே பிடிக்காத மனுஷன்!

நான் விடவில்லை. "அவரு போனப்புறமும் சில நாள் தானா நிக்குதே, அது எப்படி?"

"அறுந்த முனை எப்பவாவது திருகாணியில பட்டிருக்கும்."

"சுவத்தோட ஒட்டிக் கெடக்கு. யாரு அசைப்பாங்க?"

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு வேலைப் பேச்சுக்குப் போய்விட்டார்.

"ரெண்டு வழி இருக்கு. எர்த்தை மாட்டிட்டு, இப்ப இருக்கற அன்பேலன்ஸ்டு கனெக்‌ஷனையே விட்டுடலாம். அதுல பாட்டு ஒரு கம்பியில வரும், மேல சுத்தியிருக்கற வலைதான் திரும்பிப் போற வழி. உங்க ஒயரோ நீளம், சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்த பில்டிங் லிஃப்ட் மோட்டார் வேற. அதுலேர்ந்து லேசா ஒரு இரைச்சல் ஒயர்ல புகுந்து மிஞ்சும். இல்லைன்னா பேலன்ஸ்டு. பாட்டுக்கே ரெண்டு கம்பி, ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிரா. வழியில எந்தச் சத்தம் புகுந்தாலும் ரெண்டுலயும் ஒரே மாதிரி புகும். கடைசியில ஒரு சின்னப் பெட்டி அதைக் கழிச்சுத் தள்ளிட்டுப் பாட்டை மட்டும் விடும். ஒயரையும் பெட்டியையும் மாத்தினா போதும்."

அக்கா கேட்டாள்: "முதல் வழியில மிஞ்சற சத்தம், கை வெச்சா நிக்குமா?"

"நிக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

"ரெண்டாவதுல?"

"நிக்கறதுக்குச் சத்தமே இருக்காதும்மா."

அவள் முதலாவதைத்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். மிச்சமிருக்கும் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இன்னும் எத்தனை ஞாயிறு பட்டினி கிடப்பாளோ! இரைச்சலை அடியோடு ஒழிக்கத்தான் அந்த மனிதரை வரவழைத்தேன். பேலன்ஸ்டே போடுங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தானை அந்த வீட்டை விட்டு அனுப்ப நான் யார்?

அக்கா நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரம் பூரா லிஃப்ட் குழிக்குள்ள தொங்கிட்டு வந்து, லீவு நாள்லயும் எனக்காகக் கைய எடுக்காம உக்காந்திருந்தாரு. தூங்கக்கூட விடல நான். செத்தும் வந்து வந்து கை வெக்கிறாரு. போதும். பேலன்ஸ்டையே போடுங்க. இனிமேயாவது அவரு கைய எடுக்கட்டும்."

வேலையை முடித்துவிட்டு ரிப்பேர்காரர் கிளம்பிப் போனார். அக்கா இசைத்தட்டைப் போட்டாள். ஒரு துளி இரைச்சல் இல்லை. பாடகி பாடுவதற்கு முன்னால் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வழிந்த கண்ணீரைத் துடைக்கவில்லை. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, "பசிக்குதுடி, வா சாப்பிடலாம்," என்று உள்ளே போனாள்.

இதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்! ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அத்தான் போய்விட்டாரா, இன்னும் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இனி வழியே கிடையாது. சமையலறைக்கு அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். தூங்குகிறவரை இடித்துவிடக் கூடாதே என்று சுவரோரமாக ஒதுங்கிப் போனேன்.