இந்தோனேசியா ஆட்டத்தன்று என் வாயில் வந்தது

எனக்குத் தமிழ் எழுத வரும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தது. மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். மலாய் சரளமாகப் பேசுவேன், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. இது என் மகளுக்கே தெரியாது. சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்ற பிறகு லகாட்டில் அவளோடுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடுதாசி வந்தால் கண்ணாடியைப் போட்டு மேலும் கீழும் பார்ப்பேன். "சரி, சரி" என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன்.

பிறகு அதை எடுத்துக்கொண்டு மாமாக் கடை என்கிற பாய் சாப்பாட்டுக் கடையின் பின்வாசலுக்குப் போவேன். அங்கே தட்டு கழுவுகிற இந்தோனேசியக்காரப் பெண் வாசித்துச் சொல்லுவாள். நாற்பது வயசிருக்கும். பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னை மக்சிக் என்பாள். எந்தத் தேதி, எந்த மாடி, வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, எல்லாம் பொறுமையாகச் சொல்லுவாள். வெளியே ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை.

முன்வாசலில் நான் வேறு ஆள். காற்பந்து என்றால் அந்தக் கடையில் என்னைத்தான் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்துக் குழுவில் ஆடியவர். ரேடியோவில் ஆட்டம் வந்தால் லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வாசலில்தான் கூட்டம். கேட்டதெல்லாம் எனக்குள் அப்படியே தங்கிவிடும். எழுதி வைக்க வேறு இடம் எனக்கு ஏது?

அன்றைக்கு மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் ஆட்டம். தொடங்குவதற்கு முன்னாலேயே லோரி ஓட்டுகிற தம்பி ஒருத்தர் என் வாயைக் கிண்டினார்.

"அக்கா, சொல்லுங்க லா. யாரு பெருசு? நம்மளா, அவங்களா?"

மேசை துடைத்துக்கொண்டிருந்த அந்த இந்தோனேசியக்காரப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று மலாயிலேயே பதில் சொன்னேன்.

"இது ஒரு கேள்வியா? ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி வரைக்கும் போனோம். அப்புறம் ரஷ்யாவுக்கும் இடம் கிடைச்சிச்சு, நாமளாத்தான் போகல. ஆசியான் கிண்ணத்த அவங்க ஊருக்கே போய்த் தூக்கிட்டு வந்தோம். அவங்க எத்தன தடவ கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தாங்க? ஒரு தடவயாச்சும் தூக்கினாங்களா?"

அவள் சிரித்தாள். "நாங்க உலகக் கிண்ணத்துக்கே போயிருக்கோம், மக்சிக். ஆசியாவுலயே மொத ஆளு நாங்கதான்."

"அது டச்சுக்காரன் காலத்துல. அவன் கொடி, அவன் பேரு. அதெல்லாம் சேத்தி இல்ல."

"கொடி அவனோடதுதான். ஓடின கால்ல எங்க காலும் இருந்துச்சே?"

கடையே சிரித்தது. "கோல்! அக்கா, பந்து உள்ள போயிருச்சு!" என்று லோரித் தம்பி மேசையைத் தட்டினார். கல்லாவில் இருந்த பாய்கூடச் சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"அவ்வளவு பெரிய காலு இருந்தா, கை ஏன் இங்க வந்து எங்க எச்சித் தட்டக் கழுவுது?"

லோரித் தம்பி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் என்னைத் திருப்பி அடிக்க ரெண்டு வழி இருந்தது. ஒன்று, அந்தக் கடுதாசிகள். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், நானே ஒருநாள் சொன்னதுதான். நான் பிறந்ததைத் தோட்டத்தில் யாரும் பதியவில்லை. தலை நரைக்கிற வரைக்கும் என் கையில் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டு ஆள் இல்லை. ஜெர்மனிக்குப் போனோம் என்றேனே, அப்போது எனக்குச் சிவப்பு. ஜகார்த்தாவில் கிண்ணத்தைத் தூக்கினபோதும் சிவப்பு. அந்த "போனோம்" என்பதில் நான் இல்லவே இல்லை. வெள்ளைக்காரன் தோட்டத்தில் பால் வெட்ட மரத்துக்கு மரம் ஓடினதும் கால்தான், என் கால். "மக்சிக் எந்தக் கொடி?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எங்கே போய் நிற்பேன்?

அவள் கேட்கவில்லை. "உண்மைதான், மக்சிக்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆட்டம் என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியாது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பையில் கண் ஆஸ்பத்திரிக் கடுதாசி கிடந்தது. அஞ்சாம் நாள் காலையில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் பின்வாசலுக்குப் போனேன். குந்தி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மன்னித்துக்கொள், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். பரவாயில்லை என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நீட்டினாள், கடுதாசிக்காக. கொடுத்தேன். புதன்கிழமை, ரெண்டாம் மாடி, துணைக்கு ஆள் வேணும் என்று வாசித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. பேசினது கடை நிறைய ஆள் இருக்கும்போது. மன்னிப்புக் கேட்டது நெத்திலிச் சட்டிக்கு முன்னால். அதுவும் பையில் கடுதாசியோடு, வேலை ஆகணும் என்று கேட்ட மன்னிப்பு. அதை அவள் அறியாமலா இருப்பாள்?

அன்று சாயங்காலம் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாரும் இருந்தார்கள், அவளும். மலாயிலேயே, சத்தமாகவே சொன்னேன்.

"எனக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. என் கடுதாசியெல்லாம் இவங்கதான் வாசிச்சுச் சொல்றாங்க. அன்னிக்கு நான் இவங்கள அசிங்கமாப் பேசிட்டேன்."

"விடுங்க லா அக்கா," என்றார் லோரித் தம்பி. "ஆட்ட நேரத்துல ஆயிரம் பேசுவோம்."

"ஆட்டத்துக்காகப் பேசல தம்பி," என்றேன்.

இது மகள் காதுக்குப் போக ஒரு நாள் பிடிக்காது. போகட்டும்.

அந்தப் பெண் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். இருந்த அத்தனை பேரும் திரும்பி அவள் கையைத்தான் பார்த்தார்கள். மறுபடியும் நான்தான் பார்க்க வைத்தேன். "போதும், மக்சிக்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். மேசை மேசையாகத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். என் கிளாசை நானே உள்ளே கொண்டுபோய் வைக்கலாம் என்று எழுந்தேன். முட்டி வலியில் எழுந்து நிற்பதற்குள் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.