அத்தை உடைத்த தேங்காய்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீது பகை கொண்டவர் ஒரே ஒருவர்தான். அது அப்பா. பழவங்காடி கணபதி கோயில் பக்கம் அவருக்குத் தேங்காய்க் கடை. தமிழில் விலை சொல்வார், மலையாளத்தில் பேரம் பேசுவார், இந்திக்காரர்கள் வந்தால் விரலை நீட்டிக் காட்டுவார். இவ்வளவிலேயே கடை நன்றாக ஓடும்போது இன்னொரு பாஷை எதற்கு என்பது அவருடைய கட்சி. எனக்கு அப்போது பத்து வயது. நான் எதிர்க்கட்சி.

சண்டைக்குக் காரணம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்து, நர்ஸிங் படிக்க வைத்ததெல்லாம் அப்பாதான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். அவளோடு படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அவளுக்கும் லண்டன் போக ஆசை. போவதற்கு ஓர் இங்கிலீஷ் பரீட்சை எழுதவேண்டும், பேசியும் காட்டவேண்டும். மாறி மாறி வரும் ஷிப்டில் கோச்சிங் கிளாஸுக்குப் போக முடியாது. ஆகவே பழைய கைடு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய மனுஷியை அதட்டும் அதிகாரம் எந்தக் குழந்தைக்கு அப்படிச் சும்மா கிடைக்கும்?

அத்தையைப் படுத்தியது ‘ஹேவ்’ என்ற சொல். காலையிலிருந்து காய்ச்சல் இருக்கிறது என்று தமிழில் சொன்னால் போதும், மலையாளத்திலும் போதும். இங்கிலீஷில் மட்டும் அந்த ‘ஹேவ்’ என்பதைக் கூட்டிக்கொண்டு வந்து, அதற்குத் துணையாக ‘சின்ஸ்’ அல்லது ‘ஃபார்’ என்று ஒன்றையும் அனுப்பவேண்டும். ‘ஆல்ரெடி’ நடுவில் உட்காரும். ‘யெட்’ கடைசியில்தான் வரும். ‘ஜஸ்ட்’ ஹேவை விட்டு நகராது. கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி, இடம் மாறி உட்கார வைத்தால் எல்லாம் கோபித்துக்கொள்ளும். அத்தை இரண்டு வாரம் தடுமாறினாள். பிறகு ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போதே நிமிர்ந்தாள்.

“ஏட்டி, பிடி கிட்டிருச்சு. பேஷண்ட் அட்மிட் ஆன நேரம் சின்ஸ். டிரிப் எவ்வளவு நேரமா ஓடுது, அது ஃபார். இத்தறதானா விஷயம்?”

அதற்குப் பிறகு அவளை மடக்க முடியவில்லை. லண்டனுக்குப் போய்த் திரும்பி வந்தவளுக்கு ‘பீன் டு’, போனவள் இன்னும் திரும்பவில்லை என்றால் ‘கான் டு’ என்ற பாடத்தில் அவள் ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை. அம்மா தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள். சாப்பிட்டாயா என்று நான் இங்கிலீஷில் அதட்ட, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று அத்தை ‘ஜஸ்ட்’ போட்டுப் பதில் சொல்வாள். அப்பா செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போவார்.

“ஊசி குத்துததுக்கு எதுக்குட்டி இங்கிலீஷ்? இங்க உள்ளவனுக்கெல்லாம் நோய் வரல்லியா?” என்பார்.

பரீட்சைத் தேதி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, தம்பானூரில் ஒரு ஹோட்டல் ஹாலில். அதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பா கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, சனிக்கிழமை காலையில் நாகர்கோவிலிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அன்னைக்கு எனக்குப் பரீட்சைலா அண்ணே?” என்றாள் அத்தை.

“பரீட்சை அடுத்த மாசமும் வரும். மாப்பிள்ளை வருவானா?”

“மாப்பிள்ளையும் அடுத்த மாசம் வரட்டும். அவனுக்கு என்ன, அட்மிட்டா ஆயிருக்கான்?” என்றேன் நான்.

“ஒன்னு மிண்டாம இரிட்டி!” என்று அப்பா கத்தினார். நான் மிண்டாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அத்தை போகவில்லை என்றால் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன், சாப்பிடமாட்டேன், அந்த மாப்பிள்ளையின் காப்பியில் உப்பைக் கொட்டுவேன் என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். அத்தையோ பட்டுப்புடவைக்கான ஜாக்கெட்டை இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவள் பணிந்துவிட்டாள் என்று நினைத்து அன்று ராத்திரி அவள் மேல் எனக்கு வந்த கோபம், அப்பா மேல் வந்ததைவிடப் பெரியது.

அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தன் கடைத் தேங்காயைத் தன் கையாலேயே சாமிக்கு உடைத்தால் வியாபாரம் சிதறிப்போகும். அதனால் வீட்டில் எந்தக் காரியம் தொடங்கினாலும் அவர் தட்டிப் பார்த்துத் தேங்காயை எடுத்துக் கொடுப்பார், அம்மா பழவங்காடியில் உடைப்பாள். அந்தச் சனிக்கிழமை அம்மா வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் யாருக்கோ அவளே உடைக்கட்டும் என்று அப்பா அத்தையைப் பட்டுப்புடவையில் கிளப்பினார். ஒட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். வாசலில் அம்மா ஓடிவந்து அத்தையின் கைப்பையை அவள் தோளில் மாட்டிவிட்டாள்.

“கோயிலுக்கு எதுக்கு ஹேண்ட்பேக்?” என்றார் அப்பா.

“பொம்பளைகளுக்கு ஆயிரம் காணும். நீங்க நடங்க,” என்றாள் அம்மா. அதற்குள் பாஸ்போர்ட்டும் பென்சிலும் இருந்தன என்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கோயில் முன்னால் நல்ல கூட்டம். அப்பா கடையில் இருப்பதிலேயே நல்ல தேங்காயாகத் தேடி எடுத்து, தட்டி, காதில் வைத்துக் கேட்டு, கண்ணில் ஒற்றி அத்தையிடம் கொடுத்தார். அத்தை கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓங்கிப் போட்டாள். தேங்காய் சுக்குநூறாகத் தெறித்தது. அப்பா முகத்தில் அத்தனை சந்தோஷம். அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நான் பரீட்சைக்குப் போறேன். அவங்க வந்தா சொல்லிருங்க.”

“எந்தப் பரீட்சைக்கு? உனக்க கல்யாணத்துக்குலா நான் தேங்கா குடுத்தேன்?”

“குடுத்தது நீங்க. உடைச்சது நான்.”

அவள் கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் பேஷண்டிடம் பேசுகிற அதே குரல்தான். தினமும் அப்பாவைப் பார்க்கிற கடைக்காரர்கள், தேங்காய் வாங்க வந்தவர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கடைப் பூக்காரி, “போட்டே அண்ணாச்சி, பரீக்ஷயல்லே,” என்று மலையாளத்தில் அவளைப் போகவிடச் சொல்லிச் சிரித்தாள். பிள்ளையாருக்கு முன்னால், அவர் கொடுத்த தேங்காயை வைத்தே காரியம் முடிந்துவிட்டது. அதைத் திருப்பி வாங்க வழி இல்லை.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தம்பானூரைப் பார்த்து நடந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் வியர்வை. எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. எத்தனை காலமாக நர்ஸாக இருக்கிறாய் என்று நான் இங்கிலீஷில் கத்தினேன். “ஐ ஹேவ் பீன் எ நர்ஸ் ஃபார் செவன் இயர்ஸ்!” என்று அவளும் கத்தினாள். மேம்பாலத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி அப்பா வந்துகொண்டிருந்தார். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, செருப்பு போடக்கூட மறந்து வந்திருந்தார். ஹோட்டல் வாசலில் அத்தை உள்ளே போகும்வரை நின்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நாகர்கோவில்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். தங்கச்சி பரீட்சைக்குப் போயிருக்கிறாள் என்றார் அப்பா. அவர்களில் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டு பொண்ண வெளிய விடுகதா? அடங்காத பிள்ளையா இருக்கும் போலுக்கே?” என்றார்.

அப்பா வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “ஆமா. நான் வளத்த பிள்ளை. வடை ஆறுது, தின்னுட்டுப் போங்க,” என்றார்.

அவர்கள் தின்றுவிட்டுத்தான் போனார்கள். அப்பாவுக்கு வந்த தோல்வி என்று நினைத்து நான் அடுக்களையில் குதித்தேன். அம்மா என் தலையில் குட்டினாள், ஆனால் வலிக்கவில்லை.

அத்தை பாஸானாள். பேச்சில்தான் மார்க் அதிகம், அதில் பாதி எனக்குச் சேரவேண்டியது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே இங்கிலீஷில் பேசினேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அத்தைக்குக் குளிருக்கான கோட்டு வாங்க அவரே சாலைக் கடைத்தெருவெல்லாம் அலைந்தார். இந்த ஊரில் யார் கோட்டு விற்பார்கள்? கடைசியில் எங்கிருந்தோ ஒன்றைப் பிடித்து வந்தார். அது அத்தைக்கு முழங்கால்வரை தொங்கியது.

விமான நிலையத்தில் வழியனுப்புகிறவர்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பா காலைத் தொட்டாள், என்னை முத்தமிட்டாள், வண்டியைத் தள்ளினாள். அந்த வண்டி கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போனபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. இவள் போகிறாள். நாளைக்கு ஷிப்ட் முடிந்து வரமாட்டாள். ஓடிப்போய் அந்தப் பெரிய கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“போவாண்டாம்! அத்தே, போவாண்டாம்!”

போலீஸ்காரர் பார்த்தார், வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாதான் வந்து குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். “விடு மக்கா. அவளுக்கு நேரமாகுது,” என்றார். எல்லாம் உங்களால்தான் என்று நான் அவர் மார்பில் குத்தினேன். ஆமாம் ஆமாம் என்று சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயதா எனக்கு?

இன்றைக்கும் அந்தச் சண்டை வந்தால் நான் அத்தை பக்கம்தான். அதில் மாற்றமே இல்லை. ஆனால் விமான நிலைய வாசலில் ஊரைக் கூட்டி, போவாண்டாம் என்று நான் போட்ட அந்த ஒரு கூச்சலைத்தான், இங்கிலீஷைத் திட்டியும் மாப்பிள்ளை பார்த்தும், அப்பா அத்தனை மாதம் வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் தோளில் கிடந்து அழுத எனக்கு அப்போது தெரியவில்லை.