பீப்பாவுக்குப் போன சாப்பாடு

என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் புருசனுக்கு, புழுக்கள் மீது இருந்த அக்கறையில் பாதி என் மீது இருந்திருந்தால் என்னை என்றோ நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்திருப்பார் என்று பகிடி பண்ணுவேன். அவர் கோபிக்கமாட்டார். "உம்மைக் கட்டுறவன் பாவம். புழுவெண்டால் வாய் காட்டாது" என்பார்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில் அந்த வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அத்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். வண்டு விழுந்த பருப்பு, பூஞ்சணம் பிடித்த மா என்று கடையில் ஒருவருக்கும் வேண்டாத எல்லாவற்றையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். அவை போய்ச் சேரும் இடம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், பூவரச மர நிழலில் நின்ற அரைத் தார்ப் பீப்பா. மீன் குடல், பழந்தோல், புளித்த சோறு எல்லாமே அதற்குள்தான் போகும். மிளகாய்க் கன்றுகளுக்குப் பசளை உரம் செய்வதுதான் அவருடைய முதல் எண்ணம்.

ஒருநாள் அந்தப் பீப்பாவின் விளிம்பில் இடுப்புச் சிறுத்த கறுப்புப் பூச்சிகள் வந்து குந்தின. குளவி என்று நினைத்து அத்தான் தென்னோலைச் சூளோடு கொளுத்தப் போனார். அவை குத்தவில்லை, கலைந்து ஓடவும் இல்லை. கிட்டப் பார்த்தால் அது ஒருவகை ஈ. இடுப்பில் இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்தது போல வெளிச்சம் ஊடுருவியது. கொஞ்ச நாளில் பீப்பா நிறையப் புழு. மண்ணெண்ணெய் ஊற்றுங்கள் என்று நான் கத்தினேன். அவரோ ஒரு பலகையைச் சரிவாக உள்ளே வைத்து, அதன் மேல் நுனிக்குக் கீழே ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியைக் கட்டினார். முற்றிய புழு கறுத்து, தின்பதை நிறுத்தி, ஒதுங்கிப் போக இடம் தேடும். பலகையில் ஏறி வந்து தானாகப் பேணிக்குள் விழும். விடிந்ததும் கோழிகள் பேணிக்கடியில் வரிசையில் நிற்கும்.

"பாரும், கூப்பிடத் தேவையில்லை. தாங்களே வந்து விழுகுதுகள்" என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதது அதன் சத்தமும்தான். மத்தியான வெய்யிலில் ஊரே அடங்கிக் கிடக்கும்போது பீப்பாவுக்குக் கிட்டப் போனால், காய்ந்த பனையோலையில் தூறல் விழுவது போல உள்ளே சரசரவென்று கேட்டுக்கொண்டிருக்கும். மேலே கையைப் பிடித்தால் சூடு தெரியும். ஒரு மீன் தலையைக் காலையில் போட்டால் பின்னேரம் முள்ளுத்தான் மிஞ்சும்.

அந்தக் கறுப்பு ஈக்களில் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு அத்தான் ஆராய்ச்சி செய்தார். "சீனியும் வைச்சன், மாம்பழமும் வைச்சன். திரும்பியும் பாக்குதில்லை. புழுவா இருக்கேக்கை திண்டதோடை சரி. பறக்கத் துடங்கினால் இதுக்குப் பசியில்லை" என்று எங்கள் இருவருக்கும் காட்டினார். அக்கா போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, பாவம், திறந்துவிடுங்கோ என்றாள்.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்ப மூண்டு, வெளியே போகும் ஒரே தரைப் பாதையையும் பூட்டிய பிறகு கடைக்குச் சாமான் வருவது நின்றுபோனது. அதைப்பற்றி விசாரிக்க ஒருநாள் காலையில் அத்தான் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனார். வழியில் அல்லைப்பிட்டியில் அவர் தேத்தண்ணி குடித்ததைக் கண்டவர் ஒருவர் இருக்கிறார். அதற்கு அப்பால் கண்டவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் பண்ணைப் பாலத்தை அவர் கடந்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. காம்ப், பொலிஸ் என்று நானும் அக்காவும் ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் அப்படி ஒருவர் வரவில்லை என்றே சொன்னார்கள். சைக்கிளும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு மத்தியானமும் அவருடைய பீங்கானில் சோறு போட்டு, இன்னொரு பீங்கானால் மூடி, மேசையில் அவருடைய கதிரைக்கு முன்னால் வைக்கத் தொடங்கினாள். "வந்தால் பசியோடைதான் வருவார்" என்பாள். மறுநாள் காலையில் அந்தப் புளித்த சோறு பீப்பாவுக்குப் போகும். நாய்க்குப் போட்டாலும் புண்ணியம் என்று ஒருதரம் வாய்விட்டேன்.

"பீப்பா அவரின்ரை. அதுக்குப் போனால் அவருக்குப் போனமாதிரித்தான்" என்றாள்.

அத்தான் இல்லை என்று என் மனம் எப்போதோ முடிவெடுத்துவிட்டது. அக்காவோ காலையில் எழும்பியதும் முதல் வேலையாகக் குங்குமப் பொட்டை வட்டமாக, முன்னையைவிடப் பெரிதாக வைத்தாள். அவர் இல்லை என்று அவள் ஒத்துக்கொண்டால் அன்றோடு படுத்துவிடுவாள் என்று பயந்தேன். ஒத்துக்கொள்ளாமலே இருந்தால் அறிவு பேதலித்துவிடும் என்றும் பயந்தேன். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

புங்குடுதீவிலிருந்து சித்தப்பா வந்து, "பிள்ளை, ஒரு எட்டையாவது செய்துவிடு. அந்த ஆத்துமா அலையக்கூடாது" என்றார். எட்டு என்றால் எங்கள் பக்கத்தில் செத்த எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து அறைக்குள் படைத்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நிற்பார்கள். உள்ளே அவர் சாப்பிடுகிறார் என்பது கணக்கு. பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கவேண்டும். உயிரோடு இருப்பவர்கள் வருகிறோம் என்று அறிவிக்கத்தான் அந்தத் தட்டு. அதன்பின் அந்தச் சாப்பாட்டை வீட்டார் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

அக்கா சித்தப்பாவை நேரே பார்த்தாள். "வீட்டுக்காரன் சாப்பிட ஆரும் கதவைச் சாத்துறதே?" என்றுவிட்டு எழும்பிப் போய்விட்டாள். சித்தப்பா தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே குறிகட்டுவான் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அரிசிக்கு வரிசை, மாவுக்கு வரிசை என்று வந்தபின் எங்கள் வீட்டில் கழிவு என்று ஒன்றும் இருக்கவில்லை. நேவி கடலுக்குப் போக விடாததால் மீனும் இல்லை. பழந்தோலைக்கூட வறை வறுத்தோம். பீப்பாவுக்குப் போனது அத்தானுடைய சோறு மட்டுந்தான். ஆனாலும் உள்ளே சத்தம் குறையவில்லை. ஒருநாள் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு உறைத்தது. அவருடைய சோற்றைப் புழு தின்கிறது, புழுவைக் கோழி தின்கிறது, முட்டையை நாங்கள் தின்கிறோம். இதை அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவள் திடுக்கிடவில்லை. "ஓம். அவர்தானே எங்களுக்குச் சாப்பாடு தாறார்" என்றாள், தெரிந்த விசயத்தைச் சொல்வது போல. உரித்த முட்டையை நான் பீங்கானில் வைத்துவிட்டேன்.

இன்னொரு நாள் சுற்றிவளைப்பில் நேவிக்காரர் வளவுக்குள் வந்தார்கள். மீசை அரும்பாத ஒருவன் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான். கையிலிருந்த கம்பியால் பலகையைத் தள்ளினான். "உள்ளே என்ன?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"அவர் சாப்பிடுறார்" என்றாள் அக்கா.

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. உள்ளே பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான், பிறகு பின்பக்கமாகவே நடந்து படலையைத் தாண்டினான். எனக்கு அவன் மீது இரக்கம் வந்தது. அந்த நேரத்தில் எனக்கும் அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கார்த்திகை மாத மழை கொட்டத் தொடங்கி, பீப்பாவுக்குள் வெள்ளம் நின்றது. ஒரு விடியற்காலையில் குசினி வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நிலம் அசைந்தது. ஈரத்தில் சுவர் ஏறவும் தெரிந்த அந்தப் புழுக்கள் பலகையையும் பேணியையும் விட்டுவிட்டுப் பீப்பாவின் எல்லாப் பக்கத்தாலும் இறங்கி, வீட்டின் பின்புறக் கோடிப் படியேறி, குசினிக்குள்ளால் ஊர்ந்துகொண்டிருந்தன. வெளிறியவையும் கறுத்தவையுமாக ஒரே திசையில் போயின. மேசையடியைக் கடந்து, மேலே மூடி வைத்திருந்த பீங்கானைச் சட்டை செய்யாமல், அத்தானின் உடுப்பு அலுமாரி இருந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. மழைக்கு ஒதுங்க இருட்டும் காய்ந்த இடமும் தேடித்தான் போகின்றன என்று எனக்குத் தெரியும். விளக்குமாற்றை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"விடு. அவரின்ரை அறைக்குத்தானே போகுதுகள்."

அலுமாரியின் அடிப்பலகை இடுக்குகளுக்குள் அவை மறைந்தன. அந்த அலுமாரியை அத்தான் போன நாளிலிருந்து அவள் திறந்ததில்லை. திறந்தால் அவருடைய வாசம் போய்விடுமாம்.

மழை விட்டு வெய்யில் எறித்த ஒரு மத்தியானம். அக்கா வழக்கம்போல அவருடைய பீங்கானில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அறைக்குள் இருந்து ஒரு ரீங்காரம் கேட்டது. ஒருவர் வாயை மூடிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பது போல அது விட்டுவிட்டு வந்தது. இருவரும் போனோம். சத்தம் அலுமாரிக்குள். அக்கா கதவில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றாள். பிறகு திறந்தாள்.

அத்தானின் வெள்ளைச் சேட்டின் தோள்களில், கொலரில், மடித்து வைத்த சாரத்தின் மடிப்புகளில் எல்லாம் கறுப்பு ஈக்கள் சிறகு உலர்த்திக்கொண்டிருந்தன. சேட்டுப் பொக்கற்றில் காய்ந்த கபில நிறப் புழுக்கூடுகள் நிரம்பியிருந்தன. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றாக எழும்பின. எங்கள் முகத்தில் முட்டாமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியில் குந்தின. சேட்டு மெல்ல ஆடியது.

அக்கா ஓடிப்போய்ச் சோற்றுப் பீங்கானைத் தூக்கிவந்து ஜன்னலுக்குக் கீழே பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் கிட்டப் பிடித்தாள். ஓர் ஈ அவளுடைய மணிக்கட்டில் வந்து இருந்தது. சோற்றின் பக்கம் அது திரும்பவில்லை.

"இதுகளுக்குப் பசிக்காதே?" என்று கேட்டாள்.

"பசிக்காது அக்கா. அத்தான் சொன்னவரெல்லே."

"இனி ஒருநாளும்?"

"ஒருநாளும்."

அவள் பீங்கானை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். ஈக்கள் பூவரச மரத்துப் பக்கம் போயின. பிறகு குசினிக்குப் போனாள். மிச்சம் இருந்த ஒரு துண்டுக் கருவாட்டைப் பொரித்தாள், முட்டை பொரித்தாள், முருங்கையிலை வறுத்தாள். அத்தானுக்குப் பிடித்தவை அவை. எல்லாவற்றையும் அந்தச் சோற்றோடு வைத்து, அறைக்குள் கொண்டுபோய் நிலத்தில் வைத்தாள். ஒரு செம்பு தண்ணீரும் வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மேசையில் வைக்காமல் ஏன் அங்கே வைக்கிறாள் என்றுதான் முதலில் யோசித்தேன். இருவரும் கதவுக்கு முன்னால் நின்றோம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோடியில் பீப்பாவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அக்கா கையை உயர்த்தி, ஆளில்லாத அறையின் கதவை மெதுவாகத் தட்டினாள்.

அவள் இன்னொருதரம் தட்டிவிட்டுத் திறந்தாள். சோறு வைத்தபடியே இருந்தது. அதை எடுத்துவந்து மேசையில் இரண்டு பீங்கானில் சரிபாதியாகப் பகிர்ந்து, ஒன்றை என் பக்கம் தள்ளினாள். பொட்டு நெற்றியில் அப்படியே இருந்தது.

"சாப்பிடு. ஆறப்போகுது" என்றாள்.

அவள் அழுதழுது சாப்பிட்டாள். நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். பீங்கானை வழித்துத் தின்றோம். மறுநாள் காலையில் பீப்பாவுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.