பாறையில் எழுதிய பரீட்சை

கொரோனாவால் பல்கலைக்கழகத்தை மூடி, பரீட்சையை கைத்தொலைபேசிக்கு மாற்றியிருந்த காலம். எங்கள் அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் சிக்னல் கிடைத்தது ஒரே இடத்தில்தான், தேயிலை மலை உச்சியில் இருந்த பாறையில். என்னோடும் என் தோழியோடும் படித்த, சுற்றுத் தோட்டங்களைச் சேர்ந்த ஐந்தாறு பேரும் அங்கேதான் வருவார்கள். தாளில் விடை எழுதி, படம் பிடித்து, நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பியவர் "போயிருச்சு!" என்று கத்துவார். மற்றவர்கள் கை தட்டுவோம். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

இரண்டாவது பரீட்சையில் மற்றவர்களும் எழுதிக்கொள்ளட்டும் என்று என் தோழி விடைகளைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். முதலாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக நடந்தவர்கள். நான் எழுந்து கீழே தேயிலைக்குள் போய் உட்கார்ந்தேன்.

"என்னடி, எங்க பக்கத்துல இருந்தா ஒட்டிக்குமா?" என்று சிரித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சத எழுதிக்கிறேன். நீங்க எழுதுங்க."

நான் ஒன்றும் உத்தமி இல்லை. என் பெயர் போட்ட தாளில் அடுத்தவள் வசனம் இருப்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

கீழே காலில் ஏறும் அட்டைகளும் ஒரு கோட்டுச் சிக்னலும் இருந்தன. மேலே ஒவ்வொருவராக "போயிருச்சு!" என்று கத்தினார்கள். என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மேல வந்து அனுப்பிட்டுப் போடி!" என்று தோழி கூப்பிட்டாள். வீம்பு பிடித்து நான் ஏறவில்லை. நேரம் முடிந்தது.

எல்லாரும் பாஸ். நான் மட்டும் ரிப்பீட். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் நிரப்பப் போனபோது தோழி தன் குடத்தைத் தள்ளி வைத்தாள்.

"நாங்கல்லாம் களவாணிங்கன்னுதானே அன்னைக்கு எந்திரிச்சுப் போன?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே சமாதானம் ஆகியிருக்கும். ஆனால் அப்படி நினைத்துத்தான் போனேன். என் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தேன். அதோடு அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

ரிப்பீட் எழுதப் போனபோது பாறை முழுவதும் எனக்கே. கோடுகள் எல்லாம் நிறைந்த சிக்னல். தெரிந்ததை எழுதினேன், படம் பிடித்தேன். தொட்டதும் போய்விட்டது.

"போயிருச்சு!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

கீழே லயத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தோழி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, அடுத்த துணியை எடுத்து உதறினாள்.