ஏரியைச் சுற்றிய டவுன்பஸ் டிரைவர்

எங்க அக்கா புருஷனுக்கு டவுன்பஸ் ஓட்டுறதைத் தவிர வேற எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசையும் இல்ல. நெஞ்சுவலி வந்து, அடைப்பு எடுத்து, மாசக்கணக்கா வீட்டுல கிடந்ததுல மனுஷன் பாதியா இளைச்சுட்டார். சோபாவுல உக்காந்துக்கிட்டு இல்லாத கியரை மாத்திட்டிருப்பார். பார்க்கவே பாவமா இருக்கும். டாக்டர், "தாராளமா வேலைக்குப் போகலாம்"னு சொல்லிட்டார். டாக்டர் சொல்லி என்ன பண்றது? அக்கா சொல்லணுமே.

"பஸ் நடுரோட்டுல நின்னா தள்ளிவிட நாலு பேர் வருவாங்க. உங்க மூச்சு நின்னா யாரு தள்ளுவா?"ன்னு அவ ஒரே பிடியா இருந்தா. கடைசியில ஒரு நிபந்தனை போட்டா. ஊருக்கு வெளியில காப்புக்காட்டுக்குள்ள ஒரு ஏரி, அதைச் சுத்தி நடைபாதை. சின்னக் குழந்தைகூட நடந்துடும். பாதையே கிளம்பின இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுடும். மூச்சு வாங்கி எங்கயும் நிக்காம ஒரு சுத்து வந்துட்டா, மாமா திங்கக்கிழமை வண்டி எடுக்கலாம். நின்னா விருப்ப ஓய்வு. சாட்சிக்கு நான். ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்து என்னை இழுத்துட்டுப் போன வயித்தெரிச்சல் தனி.

மாமா நல்லாத்தான் நடந்தார். முதல் திருப்பத்துல ஒரு பெஞ்சு, அதுல வயசான தம்பதி. மாமா டக்குனு நின்னுட்டார். அக்காவுக்கு முகம் செத்துப்போச்சு.

"மூச்சு வாங்குதா?"

"சே, இல்ல."

"பின்ன ஏன் நின்னீங்க?"

அவருக்கே தெரியல. பேந்தப் பேந்த முழிச்சார். பெரியவர், இடம் கேக்கிறார் போலன்னு நகர்ந்து உக்காந்தார். மாமா உக்காரல. கொஞ்ச நேரம் அவங்களைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டார்.

அடுத்த பெஞ்சுல ஒரு காதல் ஜோடி. அங்கயும் நின்னார். தன் அப்பாவுக்குத் தெரிஞ்சவர் யாரோன்னு பயந்து அந்தப் பொண்ணு கைப்பையோட எழுந்தே போயிடுச்சு. அக்கா, "போதும், எனக்குப் புரிஞ்சுபோச்சு"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு விறுவிறுன்னு முன்னாடி போயிட்டா. "சத்தியமா எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா"ன்னு மாமா என்கிட்ட சொன்னார்.

அப்புறம் மேடு. எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு. வழியில ரெண்டு பெஞ்சு, ரெண்டும் காலி. மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்காம கடகடன்னு ஏறிப் போறார். அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஆள் இருந்தா நிக்கிறார், இல்லன்னா போயிட்டே இருக்கார். கத்திச் சொல்லலாம்னா எனக்கு மூச்சு இல்ல.

உச்சியில ஒரு பெஞ்சுல அக்கா தனியா உக்காந்திருந்தா. மாமா போய் அவ முன்னாடி நின்னார்.

"மறுபடியும் நின்னுட்டீங்களே"ன்னு அவ அழவே ஆரம்பிச்சுட்டா.

நான் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தேன். "அக்கா, அவருக்கு மூச்சு வாங்கல. பெஞ்சுல ஆள் இருந்தா பஸ் ஸ்டாப்புன்னு வண்டியை நிறுத்துறார், அவ்வளவுதான்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு.

அக்கா அவரைப் பார்த்தா. வியர்வைகூட இல்ல. அழுகையோடவே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் மெதுவா, "எனக்குப் பயமா இருக்குங்க"ன்னா.

"எனக்கும்தான். ஆனா அந்த சோபாவுல உக்காந்திருக்கிறது அதைவிடப் பயமா இருக்கு."

அக்கா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "சரி, திங்கக்கிழமை போங்க"ன்னா. மாமா தலையாட்டினார். ஆனா நகரல.

"அதான் போங்கன்னுட்டேனே, இன்னும் என்ன?"

"நீ எழுந்து வா. உன்னை விட்டுட்டு வண்டியை எப்படி எடுக்கிறது?"