ஊரணிக் கல்லில் உள்ளபடியே எழுதிய அப்பா

உறவால் நெருங்கியவர்களே, நட்பால் உறவானவர்களே, அப்பா இல்லாத ஓராண்டு முடிந்திருக்கிறது. பட்டிமன்ற மேடையில் எந்தத் தலைப்புக்கும் இரு பக்கமும் நின்று வாதாடப் பழகியவன் நான். இன்று எனக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது.

அப்பா அவர்கள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் படிப்பை நிறுத்தி, பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றினார்கள். பிறகு நம் ஊரில் உரக்கடை வைத்தார்கள். வந்தவருக்கு நாற்காலி போட்ட பிறகே விலை சொல்வார்கள்.

ஊரின் பழைய இடங்களுக்கு வரலாற்றுப் பலகை வைக்க வியாபாரிகள் முடிவு செய்தபோது, வாசகம் எழுதும் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. சந்தைத் தூணுக்கும் சுமைதாங்கிக்கும் எழுதி முடித்து ஊரணிக்கு வந்தார்கள். அதை வெட்டியது நம் முன்னோர் என்றுதான் நாம் அனைவரும் நம்பியிருந்தோம். திருவிழாவில் முதல் மரியாதையாகப் பெரியப்பா தலையில் பரிவட்டம் ஏறியதும் அதனால்தான். ஊரணிக் கரையில் நிற்கும் கல்வெட்டின் மேல்வரியில் நம் முன்னோர் பெயர் தெரியும். கீழ்வரிகளை ஆண்டுதோறும் நாமே அடித்த சுண்ணாம்பும் காவியும் மூடியிருந்தன. அப்பா அதைச் சுரண்டிப் படித்தார்கள். நம் முன்னோர் தூர் வாரியவர். வெட்டியவர், வடக்குத் தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சியின் முன்னோர்.

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏலே, திரும்பச் சுண்ணாம்ப அடிச்சு விடு. யாரு பாத்தா?"

"நான் பாத்துட்டனே, அண்ணே."

"நீ என்ன, தொல்லியல் ஆபீசரா? உரம் விக்கிறவன்தான?"

"கல்லுல இருக்கதத்தான எழுதணும்."

அப்பா கல்லில் உள்ளபடியே எழுதினார்கள். அடுத்த திருவிழாவில் பரிவட்டம் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிற்று. பெரியப்பா எங்கள் வாசல் மிதிப்பதை நிறுத்தினார்கள். உங்களில் சிலரும் நிறுத்தினீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல்தோறும் அப்பா கரும்பு கொடுத்தனுப்பினார்கள். கரும்பும் திரும்பவில்லை, பெரியப்பாவும் வரவில்லை.

ஒரு காலை, கடைக் கதவைத் தூக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போயும் பயனில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காரில் உடன் வந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத பெண்களுக்கும் நன்றி. பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் கிளம்பும் வேளையில் பெரியப்பா வந்தார்கள். குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஊரணிக் கரையில் அண்ணாச்சி நின்றிருந்தார். பெரியப்பா தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க ஊரணில தண்ணி எடுத்துக்கிறோம். தம்பிக்கு."

அண்ணாச்சி வடக்குப் பக்கம் கை காட்டினார்.

"தெக்குப் படி பாசியாக் கெடக்கு. வடக்கால எறங்குங்க."

அந்த இருவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நாங்கள் வடக்குப் படி வழியே இறங்கித் தண்ணீர் எடுத்தோம்.